புகை போன வழி

வேல்ஸ் பள்ளத்தாக்கில் சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வரிசை வீட்டை வாங்கி வந்த நாளிலிருந்தே டெலித்துக்குப் பக்கத்து வீட்டு ஹெவின்மீது சந்தேகம்தான். சும்மா இல்லை. வரவேற்பறைக் கணப்பில் நிலக்கரியை விட்டுவிட்டு காஸ் வைக்கப்போகிறேன் என்று சொன்னதுமே அந்த மனுஷனின் முகம் வெளிறிப்போயிற்று. அன்று முதல் தினம் ஒரு கேக்கோடு வாசலில் வந்து நிற்கிறார்.

“பழைய புகைபோக்கிம்மா. அதச் சீண்டாம விட்ருங்க. கரன்ட் அடுப்பு ஒண்ணு வாங்கிக்கலாமே?”

“ஏன், உள்ள புதையல் ஏதும் வெச்சிருக்கீங்களா?”

ஹெவின் உதட்டளவில் சிரித்துவிட்டுப் போனார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று டெலித் நினைத்துக்கொண்டாள். கேக்கை மட்டும் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இது விளையாட்டில்லை. முப்பது வருஷம் சுரங்கத்தில் தூசி தின்ற புருஷன் எம்ரிஸ், வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். அறை கதகதப்பாக இருந்தாக வேண்டும். நிலக்கரிப் புகையோ ஒரு மூச்சுகூட ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கரன்ட் அடுப்பின் சூடு முழங்காலுக்கே காணாது.

வியாழக்கிழமை காலை காஸ் வேலைக்கு ட்ரெவோர் வந்தார்.

“புகைபோக்கி நல்லாயிருக்குன்னு பழைய வீட்டுக்காரர் மூணு வருஷத்துக்கு முந்தி வாங்கின சீட்டு இருக்கே. நேரா மாட்டிரலாம்மா.”

டெலித் விடவில்லை. ஹெவின் உள்ளே எதையோ அடைத்து வைத்திருக்கிறார். தெருவே பார்க்க அவரைப் பிடிக்க வேண்டும்.

“புகை விட்டுப் பாருங்க. என் கண்ணு முன்னாடி.”

ட்ரெவோர் கணப்பில் புகை கக்கும் சோதனை மாத்திரையைக் கொளுத்தினார். வெள்ளைப் புகை மளமளவென்று மேலே ஏறியது. இருவரும் தெருவுக்கு வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். கூரைமேல் புகைக்குழாயில் ஒரு பொட்டுப் புகைகூட இல்லை.

“அடைச்சிருக்காரு, பாத்தீங்களா!”

“அடைச்சிருந்தா ரூமுக்குள்ளதானே திரும்பும்? இது வேற எங்கயோ போகுது.”

ஹெவின் வீட்டு மாடி ஜன்னல் இடுக்கில் புகை கசிந்தது. தோட்டத்திலிருந்த ஹெவின், “ஐயோ, ஓல்வென்!” என்று அலறிக்கொண்டு ஓடினார். டெலித்தும் பின்னாலேயே படியேறினாள். ஏறிக்கொண்டே ஹெவின் உடைந்துபோய்ச் சொன்னார்.

“என் பொண்டாட்டி படுத்த படுக்கையா கிடக்காம்மா. கட்டில் போட இடம் பத்தலன்னு போன வருஷம் எங்க பக்கத்துப் புகைபோக்கிய நானே இடிச்சேன். கை தவறி உங்க பக்கமும் ஓட்டை விழுந்துருச்சு. பலகை அடிச்சு மூடிட்டேன். அனுமதி வாங்கல. வெளிய தெரிஞ்சா திரும்பக் கட்டச் சொல்வாங்க. அப்புறம் இவளை எங்க படுக்க வைப்பேன்?”

“ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? கேக்கு கேக்கா கொண்டு வந்தீங்களே!”

கத்தும்போதே டெலித்துக்கு உறைத்தது. இது கண்ணுக்குத் தெரியும் புகை. காஸ் எரிந்து வரும் நஞ்சுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. எம்ரிஸுக்காக நாளை அவள் மூட்டும் நெருப்பு அந்தக் கட்டிலில் கிடப்பவளைச் சத்தமில்லாமல் கொன்றிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரை அவமானப்படுத்தத்தானே அவள் சோதனை கேட்டாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

அறைக்குள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். புகை மூட்டத்துக்குள் ஓல்வென் நெஞ்சு கிழிய இருமிக்கொண்டிருந்தாள். டெலித்தைப் பார்த்ததும் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மன்னிச்சுக்குங்கம்மா. என் இருமல் சத்தம் உங்க வீடு வரைக்கும் கேட்ருச்சா?”