எரித்ததாகச் சொன்ன கிற்றார்

மையத்தைக் குளிப்பாட்டும் பலகையில் கிடந்த அண்ணன் மர்சூக் காக்காவின் வலது கை விரல்களைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மசூர் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன மசூர், ஊத்துங்க," என்றார் தலைமாட்டில் நின்ற முகம்மது தம்பி லெப்பை.

மசூர் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே அந்த விரல் நுனிகளை மறுபடி தொட்டுப் பார்த்தான். பெருவிரல் தவிர நான்கும் காய்த்துத் தடித்திருந்தன.

மர்சூக் காக்கா கல்முனையில் மோட்டர் கட்டுகிற கடை வைத்திருந்தவர். தண்ணீர்ப் பம்பையும் மின்விசிறியையும் கழற்றிச் செப்புக் கம்பி சுற்றிய கைகள் காய்க்காமலா இருக்கும்? ஆனால் அவர் இடக்கைக்காரர். வாப்பாவின் அடிக்குப் பயந்து சாப்பாட்டை மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொண்டவர். குறடும் சுத்தியலும் கடைசிவரை இடது கையில்தான். வேலை செய்யாத கை எதற்கு இப்படிக் காய்க்க வேண்டும்?

இந்தக் காய்ப்பை மசூருக்குத் தெரியும். இருபது வயதில் அவனுடைய இடது கையில் இதே இடங்களில் இருந்தது. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பிகளை அழுத்தி அழுத்தி வருவது. இடக்கைக்காரர் வாசித்தால் அது வலது கையில்தான் வரும்.

அப்போது அவன் ஒரு இசைக்குழுவில் இருந்தான். கோமாரிக் கல்யாண வீடு, வீரமுனைக் கோயில் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். காக்கா ஜெனரேற்றரோடு கூடப் போவார். மேடைக்குப் பக்கத்தில் நின்று தம்பியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வயர் சூடாகிறதா என்று கவனிக்கிறார் என்றுதான் மசூர் நினைத்திருந்தான்.

உம்மாவைக் கடல் கொண்டுபோன அடுத்த வருடம் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது கிற்றார் இருந்த மூலை வெறுமையாக இருந்தது. வளவின் பின்புறம் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது.

"எரிச்சிட்டன் தம்பி," என்றார் காக்கா. "உம்மா மௌத்தான ஊட்டுல இனிப் பாட்டும் கூத்தும் என்னத்துக்கு? அல்லாஹ்வுக்காக எரிச்சிட்டன்."

மசூர் குந்தியிருந்து அழுதான். காக்காவும் கூட அழுதார். சாம்பலைக் கிளறிப் பார்க்க மசூருக்குத் தோன்றவில்லை. வாப்பாவுக்குப் பிறகு வளர்த்தவர் சொன்னால் சொன்னதுதான். கட்டாருக்குப் போய் வருடக்கணக்காக லொறி ஓட்டினான். ஒரு வாத்தியத்தைக்கூடத் தொடவில்லை. ஊருக்கே திரும்பி வந்த பிறகு, போன வருடம் மகள் ஹிமாயா பாடசாலை வாத்தியக் குழுவில் சேரட்டுமா என்று கேட்டாள். மசூர் காக்காவிடம் போய் யோசனை கேட்டான். "நம்மட ஊட்டுக்கு அது சரிவராது தம்பி," என்றார் அவர். மகளின் முகத்தைப் பார்க்காமலே மசூர் வேண்டாம் என்று சொன்னான்.

கபன் துணி இட்டு முடிந்ததும் மசூர் நடு அறைக்குப் போனான்.

காக்காவின் மனைவி சுல்பிகா உள்ளறையில் பெண்களோடு இருந்தாள். மசூர் திரைச்சீலைக்கு வெளியே நின்று கூப்பிட்டான். திரைக்குக் கீழே அவளுடைய கால்கள் வந்து நின்றன.

"மச்சி, காக்கா கிற்றார் அடிச்சாரா?"

உள்ளே யாரோ யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"கடைக்குப் பின்னறையில இரிக்கி," என்றாள் சுல்பிகா.

"எது?"

"ஒங்கடதான்."

"எனக்கிட்ட எரிச்சன் எண்டாரு."

"ஓம். எனக்குத் தெரியும். ஒவ்வொரு பெருநாளைக்கும் தம்பிக்கிட்ட செல்லிருவன் எண்டுதான் செல்லுவாரு. நீங்க வந்தா வாயத் தொறக்க மாட்டாரு."

"நீங்க செல்லியிருக்கலாமே மச்சி."

திரைக்குக் கீழே ஒரு கை கடைத் திறப்புக் கொத்தை வைத்தது; அந்தக் கால்கள் விலகின.

பின்னேர அசர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. கடை பக்கத்துத் தெருவில்தான். மசூர் போனபோது மூடிய கதவுக்கு முன்னால் ஒரு இளைஞன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான்.

"நான் பாண்டிருப்பு, கிசோக்," என்றான். "காக்காட செய்தி கேட்டு வந்தன். ஊடு தெரியாது. கடைக்கு வந்தா ஆராவது வருவாங்க எண்டு நிண்டன்."

"நான் அவர்ட தம்பி," என்றபடி மசூர் கதவைத் திறந்து பின்னறைக்குப் போனான். கிசோக்கும் வந்தான்.

கிற்றார் சுவரில் தொங்கியது. முதலில் அது வேறு ஏதோ என்று நினைத்தான். பழைய சிவப்பு நிறம் இல்லை. மரம் வரை சுரண்டி, மெருகு போட்டு, தேன் நிறத்தில் மின்னியது. மசூரின் முழங்கை உரசி உரசி வெளுத்திருந்த இடமும் அந்த நிறத்தோடு போயிருந்தது. கோமாரி மேடையில் விழுந்து உடைந்த தலைப்பகுதியின் மூலையில் வேறொரு மரத்துண்டு ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கண்டபோதுதான் தன்னுடையது என்று அடையாளம் தெரிந்தது.

"கழுத்து வளைஞ்சுபோய்த்தான் கிடந்ததாம்," என்றான் கிசோக். "காக்காதான் நிமித்தினவர். சத்தத்தப் பிடிக்கிற சுருள் செத்துப்போச்சு. பழைய கரண்டு மீற்றர் ஒண்டக் கழட்டி, அதுக்குள்ள இருந்த மயிர் மாதிரிக் கம்பிய எடுத்துத் தானே சுத்தினவர். மூணு தரம் அறுந்து, நாலாந்தரம்தான் சரிவந்தது. என்ன சத்தம் தெரியுமா அண்ணன்! சனிக்கிழமையில எங்கட ஊட்டுக்குக் கொண்டு வருவார். நான் கீபோட், அவர் இது. வெளிய எங்கயும் வாசிச்சதில்ல."

மசூர் கம்பிகளைப் பார்த்தான். மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே இருந்தது. கம்பிகள் படிந்திருக்கும் எலும்புத் துண்டைக் கழற்றித் திருப்பிப் பொருத்தியிருந்தார். தோள் வார் மாட்டும் ஆணியும் மற்றப் பக்கக் கொம்புக்குப் போயிருந்தது. பழைய துளை மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. கவனமான வேலை. ஆசையோடு செய்த வேலை. இடக்கைக்காரர் ஒருவரைத் தவிர வேறு யாராலும் இனி அதை வாசிக்க முடியாது.

"உங்களப்பத்தி நிறையக் கதைப்பார்," என்றான் கிசோக்.

"என்ன கதைப்பாரு?"

"நீங்க நல்லா வாசிப்பீங்களாம். பிறகு உங்களுக்கே விருப்பமில்லாமப் போயிற்றாம். 'நீங்களே வெச்சிருங்க காக்கா' எண்டு குடுத்திட்டுத்தான் கட்டாருக்குப் போனீங்களாம்."

மசூர் அவன் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

"அப்பிடியா செல்லினாரு?"

"ஓம் அண்ணன். எப்பவும் செல்லுவார்."

பள்ளிவாசலில் இருந்து பாங்கு கேட்டது. மசூர் வெளியே வந்து கதவைப் பூட்டினான்.

அசர் தொழுகைக்குப் பிறகு காக்காவைக் கிடத்திய சந்தூக்கை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பள்ளிவாசல் நிறைந்திருந்தது. பம்பு திருத்தக் கொடுத்த நாவிதன்வெளி விவசாயிகள், மீன் கடைக்காரர்கள், கூடப் படித்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தொழுகை நடத்த நின்ற மௌலவி திரும்பி மசூரைப் பார்த்தார்.

"உரித்தான ஆள் நீங்கதான். ரெண்டு வார்த்த செல்லுங்க."

மசூர் எழுந்து சனத்தின் பக்கம் திரும்பினான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். எத்தனையோ ஜனாஸாக்களில் கேட்ட வார்த்தைகள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என்ட காக்கா மர்சூக்... அவரு ஆர்ர மனசயாவது நோவிச்சிருந்தா, ஆருக்காவது அநியாயம் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டம்," என்றது பள்ளி முழுவதும் ஒரே குரலில். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனிசன். அவரு ஆருக்கு என்ன செஞ்சாரு?" என்றார்.

மசூர் சனத்தைப் பார்த்தபடியே நின்றான். யாரோ சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் திருப்பினார்கள். தோளோடு தோள் சேர்ந்து வரிசை இறுகியது.

"அல்லாஹு அக்பர்."

எல்லோருடைய கைகளும் உயர்ந்து நெஞ்சில் கட்டிக்கொண்டன. மசூரின் கைகள் இன்னும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.