இந்தப் பதிவு அனைவருக்கும் பொது

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் கணவர் வேதகிரி (பெயரை எழுத இப்போதுதான் கை வருகிறது) டீக்கடையில் பத்து வருஷம் சொன்னது. சொல்லச் சொல்ல மாறும். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. மாற்றிச் சொல்ல ஆளில்லாததால் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 2007இல் உத்திரமேரூர் பேருந்து நிலையம் எதிரே, மூன்று கம்ப்யூட்டர்களோடு, அறிவின் ஒளி பரப்பும்...

வேண்டாம். மூன்றில் ஒன்று ஓடாது. எங்கள் பிரவுசிங் சென்டர் என்றாலே போதும்.

2

செங்கேணி மானாம்பதிப் பக்கம் இருளர் குடியிருப்பில் முதன்முதலாகப் பன்னிரண்டாவது முடித்தவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. நேர்முகத்தில் இரண்டு நிமிடம் ஆங்கிலம் பேச வேண்டும். தவறினால் அம்மாவோடு அரிசி ஆலையில் நெல் அவிக்கப் போக வேண்டியதுதான்.

(முதல் பிரதியில் அவளைக் கூச்சக்காரியாக எழுதியிருந்தேன். பொய். அடித்துவிட்டேன்.)

"இன்னாண்ணா, இங்கிலீஷ் கத்துக்க பொஸ்தகம் வாங்கணுமா?" என்று சென்டருக்கு வந்து இவரிடம் கேட்டாள்.

"எதுக்கு வாங்கற? நெட்டுல லைப்ரரி கீது. ஓசி."

"ஓசின்னா நல்லா இருக்காதே."

"நான்கூட உங்க அக்காவுக்கு ஓசிலதான் கெடச்சேன். நல்லா இல்லியா?"

செங்கேணி என்னைப் பார்த்தாள். நான் ஓடாத கம்ப்யூட்டரைத் துடைக்கப் போனேன்.

3

அந்த இணைய நூலகத்தில் பழைய ஆங்கிலக் கதைகளை யார் யாரோ விருப்பப்பட்டு வாசித்துப் பதிவு செய்திருந்தார்கள். எங்களிடம் ஒரு கதை இறங்க அரைநாள் ஆகும்.* கஸ்டமர் இல்லாத நேரங்களில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் எழுத்தைப் பார்த்தபடி கூடவே சொல்வாள்.

ஒவ்வொரு கதைக்கு முன்னாலும் ஒரு குரல் அறிவிக்கும்: இந்தப் பதிவு அனைவருக்கும் பொது, நீங்களும் வாசித்து உதவ விரும்பினால் எங்கள் தளத்துக்கு வாருங்கள். நாற்பது கதை, நாற்பது தடவை. பள்ளியில் கடவுள் வாழ்த்து மாதிரி, ஆங்கிலம் பேசுமுன் இதைச் சொல்வதுதான் முறை என்று அவள் எடுத்துக்கொண்டாள். எனக்குச் சந்தேகம் இருந்தது.

"மரியாதையா கீதே, வுடு" என்றார் இவர்.

* கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து.

4

நேர்முகம். அறை வாசல்வரை நான் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று அதிகாரிகள் பேசச் சொன்னார்கள். செங்கேணி நிமிர்ந்து நின்று, இந்தப் பதிவு அனைவருக்கும் பொது என்று அழகான ஆங்கிலத்தில் தொடங்கினாள். தளத்துக்கும் அழைத்தாள்.

நடுவில் இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எந்தத் தளம்மா?"

"மேடம், அது வணக்கம் மாதிரி. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

பிறகு, கரண்டு போய்ப் போய் ஒரு கதை இறங்க நாங்கள் பட்ட பாட்டை ஆங்கிலத்தில் சொன்னாள். ஓரிடத்தில் மூன்று பேரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. என் ஆங்கிலம் அவ்வளவுதான்.

வேதகிரியின் முடிவு: மூவரும் எழுந்து கைதட்டினார்கள். (அவர் அங்கே இல்லை. கேட்டுக்கு வெளியே போண்டா தின்றுகொண்டிருந்தார்.)

இன்னொரு நாள் சொன்ன முடிவு: அந்த அம்மாவே கதை வாசிக்கச் சேர்ந்துவிட்டார்.

உண்மையில் அவர்கள் சொன்னது இதுதான்: எடுத்திருந்தால் வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ் உங்கள் கூட்டுரோட்டில் நிற்கும். இல்லையென்றால் நிற்காது.

5

வியாழக்கிழமை காலை, கூட்டுரோடு. நாங்கள் மூன்று பேர்.

"நிக்குமாக்கா?"

"நிக்கலன்னா நான் குறுக்க படுத்துக்கறேன்" என்றார் இவர்.

"நீ படுத்தா பஸ்ஸுக்குத்தாண்ணா சேதாரம்."

தூரத்து வளைவில் பஸ் தெரிந்தது.

இந்த இடத்தில் நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன். நின்றதா என்பது எனக்குத் தெரியும், செங்கேணிக்கும் தெரியும். ஆனால் பஸ் வந்துவிட்டால் நாங்கள் மூவரும் கலைய வேண்டும். இப்போது இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் உடம்பைச் செங்கேணி கேலி செய்ததற்குத் தானே சிரித்தபடி என் பக்கத்தில் நிற்கிறார். அதனால் பஸ்ஸை அந்த வளைவிலேயே விட்டிருக்கிறேன்.

அவசரமென்றால் நீங்கள் ஓட்டி வாருங்கள். மெதுவாக.