பச்சைச் சீட்டு

சிலாஸ் பச்சைச் சீட்டின் கம்பியை ஸ்டியரிங் தண்டில் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தபோது, தங்கை புருஷன் கிதியோன் மூன்றாவது தடவையாக மணி என்ன என்று கேட்டான். ஒன்றே முக்கால். நல்லமலைக் காட்டுப் பாதையில் ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேராவிட்டால் ராத்திரி முழுக்க ரோட்டோரத்தில் கிடக்க வேண்டியதுதான்.

சிலாஸுக்குக் காஞ்சன்பாக்கில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர் வேலை. தேறிய பொருளில் பச்சைச் சீட்டு, தேறாததில் சிவப்புச் சீட்டு. அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு திருகாணி கூட வெளியே போகாது. என்றோ ஒருநாள் விளையாட்டாக ஒரு பச்சைச் சீட்டைக் கொண்டுவந்து கிதியோனின் ஜீப்பில் கட்டினார். அது அப்படியே வீட்டு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பயணத்துக்கும் முதலில் ஜெபம், பிறகு சீட்டு. சீட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தங்கை ஞானசௌந்தரி டிபன் கேரியரை வண்டியில் வைப்பாள்.

பிள்ளையில்லாத வீட்டில் அந்த ஜீப்புக்குத்தான் எல்லாச் செல்லமும். ராணுவம் கழித்துக் கட்டியதை ஏலத்தில் எடுத்து, எட்டு வருஷமாகக் கிதியோன் அதில் எதையாவது மாட்டிக்கொண்டே இருந்தான். ஆதிலாபாத் பக்கம் ஓடையில் இன்ஜின் தண்ணீர் குடித்து நின்ற பிறகு, காற்று இழுக்கும் குழாயைக் கண்ணாடி உயரத்துக்குத் தூக்கி வைத்தான். சேற்றில் ஒரு பகல் முழுக்க மாட்டிக்கொண்டதில் முன் பம்பருக்குக் கம்பிவடம் சுற்றிய விஞ்ச் வந்தது. அதைத் தேக்குமரத்தில் கட்டிச் சுழற்றினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு கரையேறும். பாறை இடித்து எண்ணெய்த் தொட்டி கிழிந்ததும் அடியில் இரும்புத் தகடு போட்டான். இப்போது கடைசியாக, போன வாரம், மல்லாபூர் பட்டறையில் ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கூடுதல் பட்டை சேர்த்து வண்டியின் உடம்பையே நாலு அங்குலம் உயர்த்தியிருந்தான். ஏறி உட்கார ஞானசௌந்தரிக்கு ஸ்டூல் வேண்டும் என்று தேவசகாயம் கேலி செய்தான். தேவசகாயம் கிதியோனுடைய ஆபீஸ் சிநேகிதன். எல்லாப் பயணத்திலும் பக்கத்து சீட் அவனுக்குத்தான்.

வழக்கமாக சிலாஸ் ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்ப்பார். முதுகெல்லாம் கிரீஸ் ஆகும். அதற்காகவே ஒரு பழைய காக்கிச் சட்டையைத் தங்கை தன் வீட்டில் வைத்திருந்தாள். பயணம் முடிந்தால் சட்டை சலவைக்குப் போகும். அடுத்த பயணத்துக்கு முன் தெலுங்குப் பேப்பரில் பொட்டலமாக, நூல் கட்டி வந்துவிடும்.

அன்றும் வராந்தா நாற்காலியில் பொட்டலத்தை வைத்துவிட்டு, மாற்றிக்கொள்ளும்படி சொல்லிவிட்டுத்தான் அவள் உள்ளே போனாள். "ஹவ், ஹவ்" என்று அந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் போட்டார் சிலாஸ். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நேராக வந்திருந்தார். இரண்டரைக்குச் சபைக் கமிட்டிக் கூட்டம், அவர்தான் செயலாளர். விஞ்ச், டயர், விளக்கு, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் பார்த்தார். பிரேக் மிதியைக் காலால் அழுத்தினார். கல் மாதிரி நின்றது. போதும் என்று தோன்றியது.

ஞானசௌந்தரி டிபன் கேரியரோடு வந்தாள்.

"பாத்தாச்சா அண்ணே?"

"பாத்தாச்சு."

அவள் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு கேரியரை உள்ளே வைத்தாள். ஜீப் கிளம்பியது. தெருமுனையில் அதன் பின்பக்கம் ஒரு குழியில் இறங்கி, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தொங்கி, மேலே வந்தது. சிலாஸ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

கூட்டத்தில் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலாஸ் குறிப்பேட்டில் 'நாலு அங்குலம்' என்று எழுதினார். சுவருக்கு நாலு அங்குலமா என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். ஒரு அளவை மாற்றினால் அதோடு சேர்ந்த எல்லா அளவையும் மறுபடி பார் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். உடம்பு நாலு அங்குலம் மேலே போயிருக்கிறது. பின் அச்சுக்கு இறங்கும் பிரேக் ரப்பர் குழாய் பழைய நீளத்திலேயே இருந்தால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதெல்லாம் அது விறைத்து இழுபடும். பட்டறைக்காரன் நீளமான குழாய் போட்டிருப்பானா? அடியில் படுத்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பழைய ஜீப்பில் ஒரு குழாய் அறுந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

கூட்டத்தின் நடுவில் எழுந்து வெளியே வந்தார்.

முதலில் மல்லாபூர் போனார். பட்டறை பூட்டியிருந்தது. பட்டறைக்காரன் வீட்டைத் தேடிப் பிடித்தபோது அவன் லுங்கியோடு வந்து, பிரேக்கைத் தொடவேயில்லை, பட்டை மட்டும்தான் தன் வேலை, அதையெல்லாம் இன்ஸ்பெக்டர் மச்சான் பார்த்துக்கொள்வார் என்று கிதியோன் சார் சொன்னார் என்றான். சிலாஸ் அவனைத் திட்டக்கூட இல்லை.

செகந்திராபாத் தந்தி ஆபீஸில் மலையடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அர்ஜெண்ட் டிரங்க் கால் பதிவு செய்தார். லைன் கிடைக்க ஐம்பது நிமிஷம் ஆனது. கான்ஸ்டபிள் நல்ல மனுஷன். தெலுங்கில் பொறுமையாகப் பதில் சொன்னான். மூக்குக் குழாயைத் தூக்கி வைத்த ஜீப்தானே, பத்து நிமிஷம் முன்னால்தான் போனது, ஓட்டினவர் கையசைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, ஸ்டேஷனில் சைக்கிள்தான் இருக்கிறது என்றான்.

தங்கை வீட்டுக்குப் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று விசாரித்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, மலைப்பாதை மோசம் என்றார்.

"அதான் நீங்க பாத்து சீட்டுக் கட்டியாச்சே, பெறகென்ன?" என்றாள்.

டீ ஆறிப்போனது. வாசலில் ஜீப் நின்ற இடத்தில் இரண்டு டயர் தடங்கள் தெளிவாகக் கிடந்தன. அவர் அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் ஸ்கூட்டரை எடுத்தார்.

திங்கள் காலை ஏழு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். மத்தியானம் கிதியோனின் உடம்பு வந்தது. தேவசகாயம் கையில் கட்டோடு வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரிச் சொன்னான். இறக்கம். மிதி தரைவரைக்கும் போய்விட்டது. கிதியோன் தன்னைக் குதிக்கச் சொல்லிவிட்டு வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பப் பார்த்தான். கடைசியில் தேவசகாயம் சிலாஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்துத்தானே அனுப்புனீங்க. அதுக்கு மேல மனுசன் என்ன செய்ய முடியும்?" என்று அழுதான். சட்டைப்பையிலிருந்து பச்சைச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். வெட்டி எடுத்த கம்பியில் முறுக்கு கூட அவிழவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாருக்கும் அதுவே ஆறுதலாகிவிட்டது. சிலாஸே பரிசோதித்த வண்டி. அப்படியும் நடந்ததென்றால் அது ஆண்டவர் குறித்த நேரம். பாஸ்டர் பெட்டியருகில் நின்று அதையே பிரசங்கித்தார். சிலாஸ் இரண்டு தடவை வாயைத் திறந்தார். ஒரு தடவை யாரோ கையில் காபியைத் திணித்தார்கள். இன்னொரு தடவை பெட்டியை மூட ஆட்களைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை யாருமே தடுக்கவில்லை. அவர்தான் பேசவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. கூடப்பிறந்தவள் ஒருத்திதான், அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்புறம் எந்த வீட்டுக்குப் போவது என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்து எல்லாரும் போனார்கள். மாலை வெயில் வராந்தாவில் கிடந்தது. இப்போது சொல்லிவிடுவது என்று சிலாஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஞானசௌந்தரி ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு இடம் பண்ண வராந்தாச் சாமான்களையெல்லாம் யாரோ அள்ளி உள்ளே பீரோ மேல் போட்டிருந்தார்கள். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

அவள் வெளியே வந்தாள்.

"சௌந்தரி, ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்தார்.

அவள் கையிலிருந்ததை அவர் மடியில் வைத்தாள். உள்ளே போனாள். போலீஸ் கொடுத்தனுப்பிய டிபன் கேரியரை அவள் கழுவத் தொடங்கும் சத்தம் வந்தது.

காக்கிச் சட்டை வைத்த தெலுங்குப் பேப்பர் பொட்டலம். சலவைக்காரன் போட்ட நூல் முடிச்சு அப்படியே இருந்தது.