பதினொன்றாம் எண்ணை உட்காரவையுங்கள்

1

இந்தக் கதை நான் இணையத்தில் எழுதிய நான்கு வரிகளிலிருந்து வந்தது. எழுதியபோது நல்ல காரியம் செய்கிறேன் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. முழுத் தவறு என்றும் நினைக்க முடியவில்லை. இரண்டில் ஒன்றை நம்பியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், கதையும் வந்திருக்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அமெரிக்காவின் நடுவில், சோளக் காடுகள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்தில், பனி பெய்துகொண்டிருந்த சனிக்கிழமை ஒன்றில், பதினொன்றாம் எண் சட்டை அணிந்த பெண்

அந்த நகரத்துக்கு நான் போனதில்லை. அந்தப் பனியை நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் உலகின் மறுகோடியில், சான்ட்ரிங்ஹாமில் தவராசா அண்ணையின் வீட்டுத் தொலைக்காட்சியில்தான். வாக்கியத்தை அங்கேயே விட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: யோகராணி அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இதையும் விட்டேன். அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அலங்காரம் எங்காவது நுழைந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

2

நாங்கள் மூன்று பேர். பஸ் ஓட்டும் தவராசா அண்ணை. மலேசியாவிலிருந்து வந்து இங்கே கணிதம் படிப்பிக்கும் ரோஸ்மேரி. கிளென்ஃபீல்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் நான், சுகந்தினி. எங்களில் ஒருவரும் வாழ்நாளில் கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை. ஆனால் பிளாக்ஹவுஸ் பேயில் வளர்ந்த பிரணவி, விநாயகமூர்த்தி அண்ணையின் மகள், புலமைப்பரிசில் பெற்று ஓர் அமெரிக்கக் கல்லூரி அணிக்குப் போனாள், பதினொன்றாம் எண் சட்டையோடு. அன்றிலிருந்து நாங்கள் அந்த அணியின் ரசிகர்கள்.

(கல்லூரியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் தேடுவீர்கள்.)

அவர்களுடைய சனி பிற்பகல் எங்களுக்கு ஞாயிறு காலை. ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கும். இடைவேளையில் தவராசா அண்ணை ரொட்டி சூடாக்குவார், ரோஸ்மேரி தாளில் புள்ளிக் கணக்குப் போடுவார். பிரணவிக்கு அது மூன்றாம் வருடம். அணி இருபத்தெட்டு ஆட்டங்களில் இருபதை வென்றிருந்தது. தேசியப் போட்டியில் அறுபத்தெட்டு அணிகளுக்குத்தான் இடம். இவர்கள் ஒன்பது வருடமாக அங்கே போகவில்லை. தங்கள் பிராந்தியப் போட்டியை வென்றால் இடம் நிச்சயம்.

அந்தக் கல்லூரி ரசிகர்களுக்கு ஓர் இணைய அரங்கு உண்டு. பாதிப்பேர் பழைய மாணவர்கள், மீதிப்பேர் சோளம் விளைவிப்பவர்கள் என்று நினைக்கிறேன். யாரை முதல் ஐவரில் இறக்க வேண்டும், அடுத்த வருடத்துக்கு அணிக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்று நாள் முழுக்க அடிபடுவார்கள். நான் அங்கே 'கிளென்ஃபீல்ட் ரசிகை.' பிரணவிக்கும் அது தெரியும். நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அந்த அரங்கில் 'நீலக் கதிரை', அதாவது நீல நாற்காலி, என்ற பெயரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு இரண்டே வரி. நவம்பரில்: "பதினொன்றாம் எண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்." டிசம்பரில்: "கடைசிக் காற்பகுதியில் அவளுடைய எறிதல் நூற்றுக்கு இருபத்தாறு. உட்காரவையுங்கள்." ஜனவரியில் கல்லூரி அடுத்த வருடத்துக்கு ஆறடி ஓரங்குலப் பெண் ஒருத்தியைப் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிரணவி ஆடும் அதே இடத்துக்கு. நீலக் கதிரை எழுதினார்: "மிக நல்லது. முதல் ஐவரில் இடத்தை அவளுக்கே உறுதி சொல்லுங்கள்."

தவராசா அண்ணை ரொட்டியைத் தட்டில் வைத்தார். "உது அந்தப் புதுப் பெட்டையின்ரை தேப்பன். வேற ஆருக்கு உவ்வளவு எரிச்சல் இருக்கும்?"

"அப்பாவோ யாரோ," என்றார் ரோஸ்மேரி, "ஆனா நம்பர் எல்லாம் சரியாத்தான் சொல்றாங்க அண்ணே. நான் செக் பண்ணிட்டேன்."

"சரியான நம்பரை வைச்சுக்கொண்டும் அநியாயம் கதைக்கலாம் பிள்ளை."

நான் கதைக்கவில்லை, எழுதினேன். மூன்று மாதம் நீலக் கதிரையோடு சண்டை பிடித்தேன். பெப்ரவரி தொடக்கத்தில் பொறுக்க முடியாமல் ஆங்கிலத்தில் ஒரு தனிச் செய்தி அனுப்பினேன்: "நீங்கள் யார்? அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தாள்?"

3

பதில் தமிழில் வந்தது.

"சுகந்தி, நான் யோகாக்கா. நீர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டீர்தானே?"

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்ப்பார். நான் வேலையில், வரவேற்பு மேசையில் இருந்தேன். பல் பிடுங்க வந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். அவரைப் பத்து நிமிடம் காக்கவைத்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

யோகராணி அக்கா பிரணவியின் அம்மா. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். எங்கள் ஞாயிறுகளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. "எனக்கு உந்த விளையாட்டு விளங்காது" என்பார். அவருடைய மகளின் எறிதல் கணக்கை நூற்றுக்கு இத்தனை என்று எழுதியது அவர்தான்.

அன்று மாலை பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில், அவருடைய காருக்குள் உட்கார்ந்து கதைத்தோம். வற்றுக் கடல். சேறு மணத்தது.

"போன ஜூலை அவள் வந்து நிண்டவள்தானே," என்றார். "முழங்கால் நோகுது எண்டாள். காசு கட்டி ஸ்கேன் எடுத்தம். உள்ளுக்க மெத்தை மாதிரி ஒண்டு இருக்காம், அது கிழிஞ்சு போச்சுதாம். டொக்டர் வெட்டித் தைக்கோணும் எண்டார். தைச்சா இந்த சீசன் இல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. இந்த சீசன் விளையாடாட்டி அடுத்த வருசம் தன்ரை இடத்துக்கு வேற ஆளைப் பிடிச்சிடுவாங்கள், ஸ்கொலர்ஷிப்பும் போகும் எண்டு அழுதாள். அவளின்ரை அப்பாவுக்கும் தெரியாது. கோச்சுக்குச் சொல்லமாட்டன் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனவள்."

"சத்தியம் செய்து குடுத்திட்டு அக்கா, நீங்கள் ஊர் உலகத்துக்கே..."

"கோச்சுக்குச் சொல்லமாட்டன் எண்டுதான் சத்தியம்," என்றார் யோகராணி அக்கா. "சனத்துக்குச் சொல்லமாட்டன் எண்டு இல்லை. நான் கால் எண்ட சொல்லை இண்டைக்கு வரைக்கும் எழுதேல்லை. உட்காரவையுங்கோ எண்டு மட்டும்தான் எழுதினனான்."

(இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எனக்குப் பயம். கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு முடித்திருக்கலாமே என்பீர்கள். நானும் அதையே கேட்டேன். "அவள் என்னோட கதைக்காமல் விட்டாள் எண்டால்?" என்றார். வருடத்தில் பதினொரு மாதம் மகளின் குரலை மட்டுமே வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி அது.)

இறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

"நான் ஒராள் எழுதி ஆர் கேக்கப்போறாங்கள். உம்மை அங்க எல்லாருக்கும் தெரியும். நீரும் எழுதும். நாலு பேர் எழுதினா நாப்பது பேர் எழுதுவினம். நாப்பது பேர் எழுதினா கோச் ஒருக்கா யோசிப்பார்."

4

நான்கு வரிகள்:

"பதினொன்றாம் எண் ஓய்ந்துவிட்டாள். கடைசிப் பத்து நிமிடத்தில் அவள் அணிக்குச் சுமை. வெளியே உட்கார்ந்திருக்கும் முதலாண்டுப் பெண்ணை ஆடவிடுங்கள். பதினொன்றாம் எண்ணை உட்காரவையுங்கள்."

சுமை என்ற சொல்லுக்கு வேறு சொல் தேடினேன். மென்மையாக எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று அதையே விட்டேன். சொற்களைத் தேர்வது என் கெட்ட பழக்கம்.

அடுத்த ஞாயிறு தவராசா அண்ணை கதவைத் திறந்தபடியே கேட்டார்: "சுகந்தி, உம்மடை பெயரில ஆரேனும் களவா எழுதிறாங்களோ?"

"இல்லை அண்ணை. நான்தான் எழுதினது."

அவர் உள்ளே போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். ரோஸ்மேரிதான் சொன்னார், மெதுவாக: "அந்தப் பிள்ளைக்கு அங்க யாரும் இல்ல. நாம மூணு பேருதான். நீயுமா சுகந்தி?"

அன்று எனக்கு ரொட்டி வந்தது. கதை வரவில்லை.

யோகராணி அக்கா கணித்தது சரி. இரண்டு வாரத்தில் நாற்பது அல்ல, நூறு பேர் எழுதினார்கள். அவள் பிறந்த நாட்டு ரசிகையே சொல்லிவிட்டாள் என்று என் வரிகளைத்தான் தூக்கிக் காட்டினார்கள். அவர் கணிக்காதது ஒன்று. ஊர் வானொலியில் ஒருவர் இதைப்பற்றிக் கோச்சிடம் கேட்டுவிட்டார். கோச் சிரித்தாராம். "நான் இணையத்தைப் பார்த்து அணி அமைப்பதில்லை" என்றாராம். அடுத்த ஆட்டத்தில் நாற்பது நிமிடத்தில் முப்பத்தெட்டு நிமிடம் பிரணவியை ஆடவைத்தார். தான் சொன்னதைக் காட்டுவதற்கு.

பிரணவியும் படித்திருந்தாள். அம்மாவுக்கு அழைத்து, "சுகந்தி ஆன்ட்டிகூட என்னைச் சுமை என்கிறார்" என்று சொன்னாள். அழவில்லையாம். "காட்டுறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளாம். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொன்னாளாம்.

5

ஒரு பக்கம் முழுக்க வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். அதில் நான் கோச்சுக்கு நேரே கடிதம் எழுதுகிறேன்: முழங்கால், ஸ்கேன், ஜூலை, எல்லாம். அவர் பிரணவியை அழைத்து நாற்காலியில் இருத்துகிறார். அவள் கத்துகிறாள், பிறகு தலையைக் குனிகிறாள். யோகராணி அக்கா என்னோடு ஆறு மாதம் கதைக்காமல் விடுகிறார், ஏழாம் மாதம் கதைக்கிறார். நன்றாகத்தான் வந்தது. அதை எழுத முக்கால் மணித்தியாலம் பிடித்தது. உண்மையான கடிதத்துக்கு அதில் பாதி நேரம் போதுமாக இருந்திருக்கும். நான் ஏன்

விடுங்கள்.

மார்ச் மாதம், பிராந்தியப் போட்டியின் அரையிறுதி, ஞாயிறு காலை. பிரணவி அப்படி ஆடி நாங்கள் பார்த்ததேயில்லை. மூன்றாம் காற்பகுதி முடிய இருபத்திரண்டு புள்ளி. தவராசா அண்ணை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "சுமையாம்" என்றார், தொலைக்காட்சிக்கு. நான் அவள் துள்ளி இறங்கும்போது அந்த முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிகளை ரோஸ்மேரியின் தாளில்தான் பிறகு பார்த்தேன்.

கடைசிக் காற்பகுதியில் ஆறு நிமிடம் இருக்கையில் துள்ளிப் பந்தைப் பிடித்து இறங்கினாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. யாரும் இடிக்கவில்லை. இறங்கியவள் பந்தை அணியின் முதலாண்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, களைத்தவள் போல மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

என் கைபேசியில் யோகராணி அக்காவிடமிருந்து ஒரு சொல் வந்தது.

"இருந்திட்டாள்."

அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோஸ்மேரி பென்சிலை வைத்துவிட்டார். அப்போதுதான் நான் அவர்களுக்கு எல்லாம் சொன்னேன். தவராசா அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் எழுதியிருப்பன்" என்றார். அதைவிட, திட்டியிருக்கலாம்.

6

முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். அரையிறுதியை மூன்று புள்ளியால் வென்றார்கள். இறுதியையும் அவள் இல்லாமலே வென்றார்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு தேசியப் போட்டிக்குப் போய், முதல் சுற்றில் முப்பத்தொரு புள்ளியால் தோற்றார்கள். நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே தவராசா அண்ணை தொலைக்காட்சியை அணைத்தார்.

ஏப்ரலில் சத்திரசிகிச்சை. ஜூலையில் சின்னத் தையலாக இருந்திருக்க வேண்டியது, இப்போது முழங்காலின் பாதியைத் திருத்தும் வேலையாகிவிட்டது. ஒன்றரை வருடம் ஆகலாம், பழையபடி வராமலும் போகலாம் என்றார்களாம். கோச் விநாயகமூர்த்தி அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, புலமைப்பரிசில் படிப்பு முடியும்வரை தொடரும் என்றார். முன்பே சொல்லியிருந்தால் இடத்தையும் வைத்திருப்பேன் என்றார். அதை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அரங்கில் இப்போது ஆறடி ஓரங்குலப் பெண்ணைப்பற்றி மட்டும்தான் பேச்சு. நீலக் கதிரை எழுதுவதில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். இங்கேதான் முடித்தும் வைத்திருந்தேன்.

7

போன சனிக்கிழமை யோகராணி அக்கா, விடுமுறைக்கு வந்திருந்த பிரணவியை என் வீட்டில் இறக்கிவிட்டு, "நான் ஷொப்பிங் மோலுக்குப் போயிட்டு வாறன், ரெண்டு பேரும் கதையுங்கோ" என்று போய்விட்டார். அவள் ஓர் ஊன்றுகோலோடு ஏறி வந்தாள். தேத்தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"ஆன்ட்டி, ஏன் அப்படி எழுதினீர்கள்?"

(அவள் பேசியது ஆங்கிலம். தமிழாக்கும்போது அவள் குரலில் பணிவு ஏறிவிடுகிறது. அவள் அவ்வளவு பணிவாகக் கேட்கவில்லை.)

"நீ களைச்சுத் தெரிஞ்சாய்," என்றேன்.

"நான் களைக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியாமல்தான் ஆடினேன். எங்கள் அணி வைத்தியருக்கே தெரியாது. எல்லாம் அந்த நீலக் கதிரை தொடங்கியது. அது யார் என்று கண்டுபிடித்தீர்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மேசையில் திறந்திருந்த மடிக்கணினியைப் பார்த்துவிட்டாள். தமிழ் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கோப்புக்கு நான் பெயராக வைத்திருந்த 11 என்ற எண்ணை யாரும் வாசிக்கலாம்.

"இது என்னைப்பற்றியா?"

"ஓம்."

"வாசியுங்கள். கேட்டால் எனக்கு விளங்கும்."

முடியாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டாவது தொடக்கத்தை மட்டும் தாவிவிட்டு முதல் பகுதியை வாசித்தேன். இரண்டாம் பகுதியை முழுக்க வாசித்தேன். தவராசா அண்ணை ஆறடிப் பெண்ணின் அப்பாவைத் திட்டும் இடத்தில் சிரித்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். "நீங்கள் யார்? அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தாள்?" என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

வெளியே யோகராணி அக்காவின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மூன்றாம் பகுதியின் முதல் வரியில் மூன்றே சொற்கள். அதை மாற்றி வாசிக்க எனக்கு ஒரு நொடி போதும்; அந்த வேலை எனக்குத் தெரியும். பதில் வரவில்லை என்று வாசிக்கலாம். பதில் ஒரு சோளக்காரரிடமிருந்து வந்தது என்று வாசிக்கலாம். அல்லது இருப்பதை இருக்கிறபடி வாசிக்கலாம். அவளுடைய அம்மா கதவைத் தட்டும்போது அவள் எல்லாம் தெரிந்தவளாக இருப்பாள்.

என்ன வாசித்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. யோகராணி அக்கா இதைப் படிப்பார், அவருக்கு முன் நீங்கள் படித்துவிட்டீர்கள். என் இடத்தில் உட்காருங்கள். திரை உங்களுக்கு முன்னால் இருக்கிறது, அவள் பக்கத்தில் இருக்கிறாள், காரின் கதவைச் சாத்தும் சத்தம் இப்போது கேட்கிறது. அவள் உங்களைப் பார்த்துத் தமிழில் கேட்கிறாள்:

"பிறகு?"