மூன்றும் ஒரே கோட்டில்

எங்கள் வானத்தில் நிலவுகள் இரண்டு. பெரியதை மூத்த மருமகள் என்போம், சின்னதை இளையவள் என்போம். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை நெருங்கி வரும் பக்கத்துக் கிரகத்துக்கு மாமியார் என்று பெயர். பட்டப்பகலிலேயே வெளிறிப்போன தட்டு மாதிரி தெரியும். மருமகள்கள் ஆளுக்கொரு மூலையில் இருக்கும்வரை கடல் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். மூன்று பேரும் ஒரே கோட்டில் சேர்ந்தால் வீடு ரெண்டுபடும். தண்ணீர் மூன்று மாடி உயரத்துக்கு எழும்பி வரும்.

அதைத் தடுக்க இருப்பது ஒரே ஓர் இரும்புக் கதவு. அதற்குப் பொறுப்பு எங்கள் தாய்மாமன். அப்பா போன பிறகு என்னையும் தம்பியையும் வளர்த்தவர். கதவை ஏற்றி இறக்கும் சங்கிலிக்கு நான் மெக்கானிக். தம்பி, கடல் வற்றிய தரையில் தாதுக்கட்டி பொறுக்குகிறவன். வெளியே போகிறவர்கள் தங்கள் பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், திரும்பியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் வெளியே என்று அர்த்தம்.

அன்று மத்தியானம் மாமா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார்.

“சேர்ந்துட்டாளுங்க. கதவ மூடுடா.”

பலகையில் ஒரே ஒரு டோக்கன் மிச்சம். தம்பியுடையது.

“தம்பி வெளியே இருக்கான் மாமா.”

“ரெண்டு தடவை சங்கு ஊதியாச்சு. கீழ்த்தெருவுல நானூறு பேரு இருக்காங்க.”

“அஞ்சே நிமிஷம்.”

“நமக்காக மாமியாக்காரி நிப்பாளாடா?”

அவரே போய்க் கதவை இறக்கும் சங்கிலிச் சக்கரத்தைப் பிடித்தார். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது, அது ஊருக்கே தெரியும். சட்டையைப் பிடித்து இழுத்து அவரைச் சுவரில் மோதினேன். அறுபது வயதாகியும் கை இரும்பு அவருக்கு. என் மூக்கில் ஒரு குத்து விட்டார். ரத்தம் வாய்க்குள் இறங்கியது. ஸ்பேனரை எடுத்து அவர் முழங்கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அப்போதும் மற்றக் கையால் சக்கரத்தைத் திருப்பினார்.

“எனக்கு மட்டும் அவன் யாருடா?” என்று அழுதுகொண்டே திருப்பினார்.

அடுத்த அடி தலையில். யோசிக்காமல் அடித்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் யோசித்துத்தான் அடித்தேன்.

மாமா சக்கரத்தின் மேலேயே சரிந்தார். நான் கதவு வழியாகத் தம்பியின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். வெறும் சேறு. அதற்கு அப்பால் தண்ணீர் இரைச்சலோடு எழும்பிக்கொண்டிருந்தது.

பின்னால், படியில் செருப்புச் சத்தம்.

“ஏண்ணே, கதவு ஏன் இன்னும் தெறந்திருக்கு?”

தம்பி. தலையெல்லாம் ஈரம், காதோரம் சோப்பு நுரை. மாமாவை அப்படியே இழுத்துத் தரையில் போட்டுவிட்டுச் சக்கரத்தில் தொற்றினான். நானும் ஓடிப்போய்ப் பிடித்தேன். கதவு இறங்கி முடியவும் தண்ணீர் வந்து மோதவும் சரியாக இருந்தது. அறையே குலுங்கியது.

பிறகுதான் அவன் குனிந்து மாமாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

“யாருண்ணே அடிச்சது?”

ஸ்பேனர் என் காலடியில் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு பலகையைப் பார்த்தான். ஆணியில் அவனுடைய டோக்கன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“மொத சங்குக்கே வந்துட்டேண்ணே,” என்றான். “குளிச்சிட்டு வந்து எடுத்துக்கலாம்னு…”