வெடி கேட்டால் நில்

றஞ்சிதத்துக்கு அந்த வருடம் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. மகள் மேபல் எதிர்பாராத நேரம் பார்த்து, அலுமினியச் சட்டியை அதன் மூடியாலேயே ஓங்கி ஒரு போடு போடுவாள். சத்தம் கேட்டதும் மேபல் எங்கே எப்படி இருந்தாளோ அப்படியே நிற்க வேண்டும். தலை துவட்டிக்கொண்டிருந்தாலும் சரி, வாயில் பாண் இருந்தாலும் சரி. இரண்டு கையும் வெளியே தெரிய வேண்டும். பிறகு வலது கையை மெதுவாகக் கொண்டுபோய் இடுப்புப் பொக்கட்டிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"மம்மி, உங்களுக்கு விசர்."

"ஓம், விசர்தான், பைத்தியம்தான். பேர்னாட்டின்ரை தாயைக் கேள், எனக்கு இந்த விசர் போதாது எண்டு சொல்லுவா."

மேல்மாடிப் பையன் பேர்னாட்டின் கதை கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை முழுக்கத் தெரியும். சந்தியில் ஒரு லொறியின் டயர் வெடித்தது. வெறும் டயர். யுத்த காலமல்லவா, குண்டென்று நினைத்துச் சனம் ஓட, அவனும் ஓடினான். ஆமிக்காரர் ஓடினவர்களைத்தான் பிடித்தார்கள். அவனுடைய அட்டை வீட்டில் மேசை லாச்சிக்குள் கிடந்தது. பையன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. தாய் ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் அழுதுவிட்டு வருகிறாள். ஓடினதைத் தவிர அவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை என்பது அந்தோனியாருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

சட்டிச் சத்தத்துக்கு மேபல் பழகியதும் றஞ்சிதம் பாடத்தை இறுக்கினாள். வெடி கேட்டால் சனம் சும்மா இருக்குமா? பக்கத்தில் நிற்பவர்கள் "ஓடு, ஓடு" என்று கத்துவார்கள், கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆகவே சட்டியில் அடித்த கையோடு தானே கத்தவும் தொடங்கினாள்.

"ஓடு மேபல்! ஓடு பிள்ளை, ஓடு!"

முதல் நாட்களில் மேபலின் கால் தன்பாட்டில் துள்ளிவிடும். தலையில் ஒரு குட்டு விழும். பிறகு பிறகு அவள் அசைவதில்லை. தாய் தொண்டை கிழியக் கத்தினாலும், வாயின் ஒரு ஓரத்தில் மட்டும் சின்னதாய்ச் சிரித்தபடி கல்லாக நிற்பாள். துறைமுகத்தில் கிளாக்காக இருக்கும் தகப்பன் கிளறன்ஸ் மட்டும் புறுபுறுப்பார்.

"ஓட்டக்காரியை நிக்கப் பழக்கிற தாயை இப்பதான் பாக்கிறன். சட்டியும் நசிஞ்சு போச்சு."

அவர் சொன்னதும் உண்மை. மேபல் ஓட்டக்காரி. இரத்மலானையில் மிஷன்காரர் நடத்திய பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். நூறு மீற்றரில் அவளை முந்த அங்கே ஆளில்லை. ஆனி மாதம் பெங்களூரில் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களின் போட்டி இருந்தது. பெற்றோர் தினத்தன்று நடக்கும் ஓட்டத்தில் முதலாவதாக வருகிற ஒருத்தி மட்டும் அதற்குப் போகலாம். பாஸ்போட், விசா எல்லாம் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும்.

றஞ்சிதத்துக்குப் பெங்களூரும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம். அவளுடைய தம்பி ஹியூபேட் மெட்ராசில் இருந்தான். போட்டி முடிந்ததும் பிள்ளையை றெயில் ஏற்றித் தன்னிடம் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு மேபல் கொழும்புக்குத் திரும்பவே தேவையில்லை. சோதனைச் சாவடி இல்லை, விடியப்புறம் கதவு தட்டும் பொலிஸ் இல்லை. இந்த நகரத்திலிருந்து பிள்ளையை வெளியே எடுக்கத் தாய்க்குத் தெரிந்த ஒரே வழி அந்த நூறு மீற்றர்தான்.

"நான் மட்டும் போய், நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை இருக்கிறதோ?"

"நீ ஓடு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

பந்தய உடுப்பில் பொக்கட் இருப்பதில்லை. றஞ்சிதம் மேபலின் காற்சட்டை இடுப்பில் உட்புறமாகத் துணி வைத்து, அட்டைக்கு அளவாக ஒரு பொக்கட் தைத்துக் கொடுத்தாள். பல்கலைக்கழகத்தில் பயிற்சியெல்லாம் விசிலோடுதான். விமான நிலையமும் விமானப்படையும் பக்கத்தில் இருக்கும்போது தொடக்கத் துப்பாக்கி வெடிக்க யார் அனுமதி கொடுப்பார்கள்? கோச் விசிலை ஊதினால் மேபல் அம்பாய்ப் பாய்வாள். விசிலுக்கும் சட்டிக்கும் ஒரு சண்டையும் இல்லாமல் மாதங்கள் போயின.

பெற்றோர் தினத்தன்று கிளறன்ஸுக்கு லீவு கிடைக்கவில்லை. றஞ்சிதம் தனியே போனாள். வெள்ளவத்தைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். சிங்களத்தில் பெயர் சொல்லி, அட்டை காட்டி, கைப்பையைத் திறந்து காட்டி மறுபடி ஏறினாள். வளாகத்துக்குள் கால் வைத்தால் அது வேறு உலகம். ஜெபக்கூடத்தில் பாட்டு, ஹொஸ்டலில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள், பெற்றோருக்குக் கட்லட்டும் தேத்தண்ணியும். பிள்ளைகள் இங்கே பத்திரமாக இருக்கிறார்கள் என்று பல்கலைக்கழகத் தலைவர் மூன்று மொழியிலும் சொன்னார். மதிலோரம் துவக்கோடு நின்ற இரண்டு ஆமிக்காரரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

மைதானத்தில் பெற்றோருக்குக் கொட்டகை போட்டு, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் தொப்பி போட்ட ஒரு சிங்களப் பெண்மணி, உங்கள் மகள் யார் என்று கேட்டாள். றஞ்சிதம் இங்கிலீசில் மெல்லச் சொன்னாள். வெளியில் அவள் தமிழை வாய்விட்டுக் கதைத்து எவ்வளவோ காலம். வீட்டுக்கு வெளியே அவளுக்குத் தமிழ் என்பது காதோடு காதாகச் சொல்கிற சங்கதி.

நூறு மீற்றர்க்காரிகள் கோட்டுக்கு வந்தார்கள். மேபல் நாலாவது பாதையில். கொட்டகையைப் பார்த்துக் கையாட்டினாள். அப்போதுதான் ஒலிபெருக்கி முதலில் சிங்களத்திலும் பிறகு இங்கிலீசிலும் ஒரு நல்ல செய்தி சொன்னது. பெற்றோர் தினத்தை முன்னிட்டு இன்று காலைதான் பொலிஸ் அனுமதி கிடைத்ததாம். ஓட்டங்கள் இன்று துப்பாக்கி வெடியோடு தொடங்குமாம். கொட்டகை கை தட்டியது. கோட்டில் நின்ற மேபல் காலை உதறிக்கொண்டிருந்தாள், அது அவள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

றஞ்சிதத்துக்குச் சட்டிதான் ஞாபகம் வந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிக் கயிற்றடிக்கு ஓடினாள். கையில் பட்டி கட்டின தமிழ் மாணவன் ஒருவன் குறுக்கே நின்றான்.

"அன்டி, பேரன்ட்ஸ் இதுக்கு அங்காலை போக ஏலாது."

"மகளுக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணும் தம்பி. ஒரே ஒரு சொல்லு."

"ரேஸ் முடியட்டும் அன்டி, ஒரு நிமிஷம்தானே."

இங்கிருந்து கத்தலாம். என்னவென்று கத்துவது? துவக்குக்காரர் நிற்கிற இடத்தில், வெடி என்றும் பயப்படாதே என்றும் தமிழில் கத்துவதா? வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மகள் குனிந்து விரல்களை மண்ணில் ஊன்றுவது தெரிந்தது. மாதாவே, இதை மட்டும் சட்டிச் சத்தமாக அவள் எடுக்கக் கூடாது.

வெடி வெடித்தது.

முதலில் நின்றது றஞ்சிதம்தான். உடம்பு விறைத்து, கை தானாகக் கைப்பைக்குள் போய், விரல் தன்னுடைய அட்டையைத் தொட்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது ஐந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாலாவது பாதையில் மேபல் எழும்பி நேரே நின்றாள். இரண்டு கையும் வெளியே தெரிய, விரல்களை விரித்தபடி நின்றாள்.

எத்தனையோ வருடம் அமுக்கி வைத்த குரல் அப்போது வெளியே வந்தது. ஆமிக்காரர் திரும்பினார்கள், தொப்பிக்காரப் பெண்மணி திடுக்கிட்டாள். றஞ்சிதம் எதையும் பார்க்கவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெஞ்சு வெடிக்கக் கத்தினாள்.

"ஓடு மேபல்! ஓடு பிள்ளை, ஓடு!"

மேபலுக்கு அது கேட்டது. கொட்டகைப் பக்கம் பார்த்தாள். வாயின் ஒரு ஓரத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு வந்தது. கால் அசையவில்லை. வலது கை மட்டும், பழக்கின மாதிரியே மெதுவாக, இடுப்புப் பொக்கட்டுக்குப் போனது.