பார்வைக்கு மட்டும்

எங்கள் டைல்ஸ் கம்பெனியின் ஃபைல்கள் எல்லாம் இப்போது கிளவுடில் இருக்கின்றன. எந்தக் குழுவில் யார் இருக்கலாம், யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று பட்டனைத் தட்டுகிற அட்மின் நான். ஆனால் எல்லா ஃபோல்டரையும் திறக்க எனக்கு அனுமதி கிடையாது. விருந்து வீட்டு வாசலில் எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டுப் பசியோடு நிற்கிற பிழைப்பு.

போன வாரம் மேனேஜர் 'புதுக் கிளை' என்று ஒரு குழு உருவாக்கச் சொன்னார். அவர், கணக்காளர், குடோன் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என் வீட்டுக்காரர்.

"உள்ள என்ன சார் இருக்கு?"

"உனக்கெதுக்கும்மா? ஆளைச் சேத்துவிடு, போதும்."

எனக்கு மண்டை காய்ந்தது. வீட்டுக்குப் போனதும் தூண்டில் போட்டேன்.

"புதுக் கிளை தூரமா?"

"தண்ணி இருக்கா?"

"தூரம்னா என் வேலை, பொண்ணு படிப்பெல்லாம் என்ன ஆகும்?"

"தண்ணி கேட்டேன்."

சரியான கல்லுளிமங்கன். என்னையே குழுவில் சேர்த்துக்கொள்ள ஒரு தட்டு போதும். ஆனால் மூவருக்கும் உடனே தகவல் போய்விடும். திருட்டுத்தனமாகப் பார்த்தாள் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

இன்று காலை ஒரு கோரிக்கை வந்தது. அந்தக் குழுவில் என்னைச் சேர்க்க வேண்டுமாம். கேட்டவர் என் வீட்டுக்காரர். மேனேஜரும் ஒப்புதல் கொடுத்திருந்தார். உரிமை: பார்வைக்கு மட்டும். கீழே ஒரு குறிப்பு: 'நேர்ல சொல்ல வாய் வரல. நீயே பாத்துக்க.'

சேர்த்துக்கொண்டு ஆசை ஆசையாகத் திறந்தேன். ரயிலில் ஒரு முழு நாள் தூரத்தில் இருக்கும் ஊர். கிளைப் பொறுப்பாளர் என்று என் வீட்டுக்காரர் பெயர். பக்கத்துக் கட்டத்தில், 'குடும்பத்தோடு வருவார். மனைவிக்குச் சம்மதம்' என்று அவரே எழுதியிருந்தார்.

கோபத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. அந்தக் கட்டத்தைத் தட்டினேன், அசையவில்லை. எனக்குத்தான் பார்வை மட்டுமாயிற்றே. மறுபடி குழுவுக்குப் போய், என் பெயருக்கு எதிரே திருத்தும் உரிமையைப் போட்டேன். திரும்பி வந்து 'சம்மதம்' வரியை அழித்துவிட்டு, 'மனைவியை இன்னும் யாரும் கேட்கவில்லை' என்று எழுதினேன்.

உடனே குடோனிலிருந்து போன்.

"என்ன பண்ணி வச்சிருக்க? மேனேஜர் பாப்பாரே!"

"பாக்கட்டும். நீங்க இப்பக் கேளுங்க."